ஆயுள் நீண்டால் முதலில் தேய்வது எது?

மதுரைப் பக்கம் வயதானவர்களை "நூறு வயசு இருக்கணும்" என்று வாழ்த்திப் பாருங்கள். பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டு, "அதெல்லாம் வேணாம்ப்பா, கிடையில விழாமப் போய்ச் சேந்தாப் போதும்" என்பார்கள். ஆயுளை நீட்டும் ஆராய்ச்சி பற்றிய விவாதங்கள் இந்தப் பதிலைப் பெரும்பாலும் காதில் வாங்குவதே இல்லை. முந்நூறு வருஷம் வாழ்ந்தால் சலித்துப் போகாதா, சாவு இல்லையென்றால் வாழ்வுக்குப் பொருள் உண்டா என்றுதான் அங்கே பேச்சு ஓடுகிறது. கிடைக்குப் பயப்படுகிறவருக்குச் சலிப்பு ஒரு பொருட்டே இல்லை. மலம் கழிக்க இன்னொருவர் தூக்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய பயம். நீண்ட ஆயுள் வாழத் தகுந்ததா என்று கேட்பதற்கு முன், கூடுதலாகக் கிடைக்கும் வருஷங்கள் வாழ்க்கையின் எந்தப் பகுதியில் வந்து சேரும் என்று கேட்டாக வேண்டும்.

இந்த ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் இதற்கு இரண்டு எதிரெதிரான பழைய பதில்கள் உண்டு. கீழக்குயில்குடி சமணர்மலையில் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இன்றும் இருக்கின்றன. சமண மதத்தில், உடம்பு நோன்புக்கு உதவாத நிலை வந்தபின் துறவி உணவைச் சிறுகச் சிறுகக் குறைத்து வாழ்வை முடிக்கும் சல்லேகனை உண்டு. தென்மேற்கே சாப்டூர், வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரி. அங்கே சித்தர்கள் இன்னும் நடமாடுகிறார்கள் என்று நம்பி, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சனம் மலையேறுகிறது. ஒன்று வாழ்வை முடிக்கிறது, மற்றொன்று நீட்டிக்கிறது. ஆனாலும் இரண்டும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. காயகற்பம் பேசிய சித்த மரபு முதலில் உடம்பை உறுதியாக்கச் சொன்னது. ஆயுள் அதன் பின்னால் வருவது. உதவாத உடம்போடு கிடக்கும் வருஷங்களை இரண்டு மரபுமே கேட்கவில்லை. (காயகற்பம் என்ற பேரில் முறையான சித்த மருத்துவரிடம் போகாமல் கடையில் வாங்கும் சில லேகியங்களிலும் பற்பங்களிலும் பாதரசமும் ஈயமும் நஞ்சு முறியாமல் இருக்கும். அது சிறுநீரகத்தைச் சாய்க்கும்.)

இதுவரை நாம் நீட்டியிருக்கும் ஆயுள் எப்படிப்பட்டது? சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இப்போது 70ஐத் தொட்டிருக்கிறது, தமிழ்நாட்டில் சுமார் 73. இதை வைத்து அந்தக் காலத்தில் முப்பதில் கிழவராகிச் செத்தார்கள் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கு மேல் ஒரு வயதுக்குள் போய்விட்டன. அந்தச் சாவுகள்தான் சராசரியைக் கீழே இழுத்தன. தப்பிப் பெரியவர்களானவர்களில் எண்பதைத் தொட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் செய்யும் வழக்கமே அதற்குச் சாட்சி. 29.53 நாளுக்கு ஒரு பிறை என்றால் ஆயிரம் பிறைக்கு 29,530 நாள், ஏறக்குறைய 80 வருஷம் 10 மாதம். ஆக, நாம் சாதித்ததில் பெரும்பகுதி குழந்தைகளைக் காப்பாற்றியது. முதுமையைத் தள்ளிப்போட்டது கொஞ்சம்தான்.

ஏன் கொஞ்சம் என்பதற்கு 1825இலேயே பெஞ்சமின் காம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர் ஒரு கணக்கு சொன்னார். வளர்ந்த மனிதர் அடுத்த ஒரு வருஷத்துக்குள் சாகும் வாய்ப்பு, சுமார் எட்டு வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. நாற்பதுக்கும் எண்பதுக்கும் இடையே ஐந்து இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு. அதனால்தான் ஒரு நோயை மட்டும் ஒழித்தால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. புற்றுநோயை முழுசாக ஒழித்தாலும் அமெரிக்காவில் சராசரி ஆயுள் மூன்று வருஷம் அளவுக்கே கூடும் என்பது மக்கள்தொகை ஆய்வாளர்களின் பழைய கணக்கு. எழுபத்தைந்தில் புற்றுநோயிலிருந்து தப்பியவரை மாரடைப்போ பக்கவாதமோ நிமோனியாவோ வாசலில் காத்திருந்து பிடித்துக்கொள்கிறது. பதிவு சரிபார்க்கப்பட்டவர்களில் அதிகம் வாழ்ந்தவர் பிரான்சின் ழான் கல்மோன். 122 வருஷம் 164 நாள் வாழ்ந்து 1997இல் இறந்தார். அதற்குப் பிறகு யாரும் 120ஐத் தொடவில்லை.

இரட்டிப்பையே நிறுத்திவிட்டால் கதை மாறும். சாகும் வாய்ப்பு இளவயதில் இருப்பதுபோல வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒன்றாகவே நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டால், பாதிப் பேர் 690 வருஷத்துக்கு மேல் வாழ்வார்கள். அப்போது மிச்சமிருக்கும் எமன்கள் விபத்து, தொற்றுநோய், கொலை, தற்கொலை. எழுநூறு வருஷம் கையில் வைத்திருக்கிறவர் ஹெல்மெட் இல்லாமல் நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் பைக் ஓட்டுவாரா என்பது சுவாரசியமான கேள்வி. ஓட்டுவார் என்றுதான் தோன்றுகிறது.

இனி உடம்புக்கு வருவோம். முதுமை ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வேகம், சிலவற்றுக்கு மாற்று உண்டு, சிலவற்றுக்கு இல்லை.

கண் லென்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் நடுப்பகுதியில் உள்ள புரதம் தாயின் வயிற்றிலேயே உருவானது; பிறகு ஒருபோதும் புதுப்பிக்கப்படுவதில்லை. வெயில், சர்க்கரை, புகை எல்லாம் சேர்ந்து அந்தப் புரதத்தைத் திரளவைத்து மங்கலாக்குகின்றன. அதுதான் புரை. போதுமான காலம் வாழ்ந்தால் யாரும் தப்ப முடியாது. ஆனால் மாற்று இருக்கிறது. தையல் தேவைப்படாத 6 முதல் 7 மில்லிமீட்டர் வெட்டு வழியே மங்கிய லென்ஸை வெளியே எடுத்துவிட்டு, 6 மில்லிமீட்டர் செயற்கை லென்ஸை உள்ளே வைக்கிறார்கள். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதை ஏழைகளுக்கும் எட்டவைத்தது. அரவிந்த் 1992இல் தொடங்கிய லென்ஸ் ஆலையான ஆரோலேப், இறக்குமதி லென்ஸின் விலையில் சிறு பங்குக்கே லென்ஸ் செய்து கொடுத்தது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்த வெங்கடசாமி 2006இல் 87 வயதில் இறந்தார். ஓய்வுக்குப் பின் கிடைத்த முப்பது வருஷத்தில் செய்ததுதான் அவர் பேரைச் சொல்கிறது. கூடுதல் வருஷங்களுக்கு ஆதரவாக வாதாட இந்த ஊரில் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அதே கண்ணில்தான் எல்லையும் தெரிகிறது. வைத்த லென்ஸுக்குப் பின்னால் உள்ள பை சில வருஷத்தில் மங்கலாம்; அதை யாக் லேசரால் சில நிமிஷத்தில் திறந்துவிடுகிறார்கள். அதற்கும் பின்னால் இருக்கும் விழித்திரை தேய்ந்தாலோ, கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு பட்டுப்போனாலோ புதிதாக வைக்க ஒன்றும் இல்லை. 150 வயதுக்காரருக்கு லென்ஸ் பிரச்சினையே இராது. அதன் வழியே வரும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளத் திரை வேண்டும்.

சிறுநீரகத்தின் கணக்கு இன்னும் கறாரானது. ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பத்து லட்சம் வடிப்பான்கள். பிறந்த பிறகு புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. நாற்பது வயதில் வடிக்கும் அளவு நிமிஷத்துக்கு 100 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், நோயே இல்லாதவருக்கும் வருஷத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் குறைகிறது. தொண்ணூறில் 50, நூற்று இருபத்தைந்தில் 15. பதினைந்துக்குக் கீழே போனால் டயாலிசிஸ் பேச்சு வந்துவிடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு இந்த இறக்கம் பல மடங்கு வேகம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை இரண்டும் ஆயுளுக்குச் செய்யும் உதவியில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. கூடவே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய, வருஷத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெடுக்கிற வழியும் நமக்குப் பழகியதுதான். மூட்டு தேய்ந்தவர் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனாக் வலிமாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுவார். வலி குறையும், நடப்பார், சிறுநீரகம் போகும். ஒரு பாகத்தின் தேய்மானத்துக்கு இன்னொரு பாகம் விலை கொடுக்கும் இந்த மாதிரிச் சங்கிலிகள் வயதானவர் உடம்பில் நிறைய. மூட்டையே மாற்றலாம் என்றால், மாற்றிய முழங்கால் மூட்டுகளில் ஐந்தில் நான்கு 25 வருஷம் தாங்குகின்றன. நல்ல செய்திதான். அறுபத்தைந்தில் வைத்தவருக்கு 90, 115, 140 என்று மறுபடி மறுபடி மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் பழையதைப் பிடுங்கும்போது கொஞ்சம் எலும்பும் சேர்ந்து போகும். மூன்றாம் முறைக்குப் பொருத்தப் போதிய எலும்பு மிஞ்சுவது சந்தேகம். யானைக்கு இயற்கை ஆறு செட் கடைவாய்ப் பல் கொடுத்திருக்கிறது. ஆறாவதும் தேய்ந்தால் காட்டு யானை தீனி அரைக்க முடியாமல் சாகிறது. நமக்கு எத்தனை செட் மூட்டு என்பதும் அதே வகைக் கேள்வி.

கிடையில் விழுவதை நேரடியாகத் தீர்மானிப்பது தசை. அறுபதுக்குப் பிறகு தசை வருஷத்துக்கு 1 முதல் 2 சதவீதம் குறைகிறது, பலம் அதைவிட வேகமாக. வீட்டிலேயே பார்க்கலாம்: கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனாலோ, வழக்கமான நடை விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்தாலோ, ஆசிய நாடுகளுக்கான அளவுகோல்படி தசை நலிவைச் சந்தேகிக்க வேண்டும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒரு வருஷம் தாண்டுவதில்லை. தாண்டுகிறவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. கஞ்சியும் ரசம்சாதமும் மட்டும் கொடுத்து, "வயசான காலத்துல சும்மா உக்காருங்க" என்று பாசமாக உட்காரவைப்பது இதற்கு நேர்வழி. எடைக் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத புரதம் (சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு), வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, குளியலறையில் கைப்பிடி, ராத்திரி எரியும் சின்ன விளக்கு. இதுவரை வந்த எந்த ஆயுள் மாத்திரையும் இவ்வளவு செய்ததாக மனிதரில் நிரூபிக்கப்படவில்லை.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. 1993இல் ஒரே மரபணு மாற்றத்தால் ஒரு நுண்புழுவின் ஆயுள் இரட்டித்தது. ராபமைசின் என்ற மருந்து, 600 நாள் வயதான எலிகளுக்குக் கொடுத்தும் ஆணில் 9, பெண்ணில் 14 சதவீதம் ஆயுளைக் கூட்டியதாக 2009இல் தெரிந்தது. மனிதருக்கு அது வாய்ப்புண்ணையும் கொழுப்பு உயர்வையும் தரக்கூடியது. நம் வீடுகளில் சர்க்கரைக்குப் புழங்கும் மெட்ஃபார்மின் மீதும் பலருக்குக் கண். ஆனால் உடற்பயிற்சியால் முதியவருக்கு ஏறும் தசையை அது மட்டுப்படுத்துவதாக ஒரு சோதனை காட்டியிருக்கிறது. வளர்ந்த செல்லை நான்கு மரபணுக்களால் கருவின் தொடக்க நிலைக்குத் திருப்பும் முறையை 2006இல் யமனாகா என்ற ஜப்பானிய விஞ்ஞானி எலி செல்களில் காட்டினார். முழுசாகத் திருப்பினால் தோல் செல், தான் தோல் என்பதையே மறந்து கட்டியாகிவிடும். பாதிவழியில் நிறுத்துவது எப்படி என்பதுதான் இன்றைய ஆராய்ச்சி.

இதெல்லாம் கைகூடி, நாற்பது வயது உடம்போடு முந்நூறு வருஷம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். சலிக்குமா? ஒருமுறை முடித்தால் தீர்ந்துபோகும் இன்பங்கள் உண்டு: பட்டம் வாங்குவது, வீடு கட்டி முடிப்பது, மகளைக் கட்டிக்கொடுப்பது. திரும்பத் திரும்ப வந்தாலும் தீராதவையும் உண்டு. சித்ரா பௌர்ணமியன்று வைகையில் நிற்கும் கூட்டம், அழகர் ஆற்றில் இறங்குவார் என்பது தெரியாமல் வந்ததில்லை. என்ன நிறப் பட்டு கட்டி வருகிறார், பச்சையா, இந்த வருஷம் விளையுமா என்று எழுபதாவது தடவையும் எட்டிப் பார்க்கிறது. இரண்டாம் வகை இன்பம் உள்ளவருக்குச் சலிப்பு வாதம் பொருந்தாது. முதல் வகையை மட்டும் நம்பியிருப்பவருக்கு ஓய்வு பெற்ற ஆறாம் மாதமே சலித்துவிடுகிறது. அதற்கு முந்நூறு வருஷம் தேவையில்லை.

ஞாபகம் வேறு விஷயம். எழுபது வயதுக்காரருக்குப் பளிச்சென்று நினைவிருப்பது பெரும்பாலும் பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை. 280 வயதில் முதல் நூற்றாண்டு பத்திரத்தில் மட்டும் இருக்கும், மனசில் இராது. அப்போது கொடுத்த வாக்குக்கு இப்போதைய ஆள் கட்டுப்பட்டவரா? முல்லைப் பெரியாறு குத்தகையை 1886இல் 999 வருஷத்துக்கு எழுதினார்கள், எழுதியவர்கள் எல்லாரும் சாதாரண ஆயுள்காரர்கள். 84 வருஷத்திலேயே, 1970இல், ஏக்கருக்கு 5 ரூபாயை 30 ரூபாயாக்கித் திருத்த வேண்டிவந்தது. அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டதே அவ்வளவுதான் தாங்கியது என்றால், இருபத்தைந்து வயதில் கட்டிய தாலிக்கு 275 வருஷம் என்பது பெரிய சுமை.

உண்மையில் முதலில் முறிவது வீடு என்பது என் கணிப்பு. பெரியாறு பாசனத்தில் நான்கு ஏக்கர் நஞ்சை உள்ள ஒரு குடும்பம். அப்பா எழுபத்தைந்தில் போனால் மகனுக்கு ஐம்பதில் நிலம் வருகிறது. அதுவே தாமதம் என்று இன்று சண்டை. அவர் 150 வரை இருந்தால் மகனுக்கு 125, பேரனுக்கு 100, அவன் மகனுக்கு 75, அடுத்து 50, அடுத்து 25. ஆறு தலைமுறை உயிரோடு, பட்டா ஒருவர் பேரில். மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி, தங்களுக்கு ஆயுள்கால அனுபவ பாத்தியம் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம்; ஆயுள் இருநூறு வருஷம் என்றால் அந்த வாசகம் மகனுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று பொருள். பாத்தியம் வைக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆபத்து பெற்றவர் பக்கம். 2007ஆம் வருஷத்து முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான் வழக்கு இழுபடாமல் நிற்கும்.

பணமும் அப்படியே. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் இரட்டிக்கும், 60 வருஷத்தில் 32 மடங்கு. அறுபதில் மாதம் 30,000 ரூபாய் போதும் என்றவருக்கு 120இல் 9,60,000 ரூபாய் வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயதில் 20 சதவீதத்தில் தொடங்கி 100 வயதில் 100 சதவீதம் வரை கூடுதல் ஓய்வூதியம் உண்டு. நூறைத் தொடுகிறவர்கள் சொற்பம் என்பதால்தான் அது கட்டுப்படியாகிறது. 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையில் இருப்பவருக்கு எந்தக் கணக்கும் கிடையாது. ஆகவே அறுபதில் ஓய்வு என்பது போய்விடும், நூறு வருஷம் வேலை பார்க்க வேண்டியிருக்கும். மேலே உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்காவிட்டால் கீழே இருப்பவர் எண்பது வயதிலும் இளநிலை உதவியாளர்தான்.

மதுரை, தேனி, விருதுநகர் வட்டாரத்தில் கிடையில் விழுந்த முதியவரைக் குளிப்பாட்டுகிற பேரில் சாகவைக்கும் "தலைக்கு ஊத்துறது" என்ற கொடுமை நடந்திருப்பது 2010வாக்கில் வெளியே பேசப்பட்டது. சட்டப்படி அது கொலை. வறுமையும் பார்த்துக்கொள்ள ஆளின்மையும் சேர்ந்து, வாழத் தகுந்த ஆயுள் எவ்வளவு என்பதைக் கிடப்பவரைக் கேட்காமலே மற்றவர்கள் தீர்மானித்த இடம் அது. பராமரிப்புச் செலவுக்கு வழி செய்யாமல் ஆயுளை மட்டும் நீட்டினால் அந்தத் தீர்மானத்தை எடுக்கத் துணிகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள்.

கிடப்பவரே முன்கூட்டிச் சொல்ல இன்று ஒரு வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து 2023இல் எளிதாக்கிய முன்மருத்துவ உயில் அது; இன்ன நிலையில் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைப்பது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெஜடட் அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். தனக்காக முடிவெடுக்க நம்பகமானவர்களை அதில் குறிப்பிடலாம். அந்த நிலை வரும்போது சிகிச்சை தரும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, பிறகு இரண்டாவது குழு, இரண்டும் 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்வது நல்லது என்கிறது தீர்ப்பு. மீள முடியாத நோயில் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்காமல் விடவோ நிறுத்தவோ மட்டுமே இது செல்லும். முதுமையே வராத உலகில், 300 வயதில் நோய்நொடி இல்லாமல் "எனக்குப் போதும்" என்று ஒருவர் வந்து நின்றால், அவரிடம் நீட்ட இந்தச் சட்டத்தில் ஒரு படிவமும் இல்லை.